பிள்ளையின் சொல்லும் பெரியவர்களின் கடமையும்: மேல்முறையீட்டில் தோற்பது யார்?

நாகரசம்பட்டியில் ஜும்ஆ முடிந்து டீக்கடை வரை நடப்பதற்குள் அந்த வாரத்துச் செய்தி நம் காதுக்கு வந்துவிடும். 2025 அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை வந்த செய்தி கசப்பானது. சென்னை போரூர் அருகே 2017ல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்ட வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றிருந்தவரை உச்ச நீதிமன்றம் அக்டோபர் 8ஆம் தேதி விடுதலை செய்துவிட்டது. 2018ல் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் தூக்கு விதித்தது. அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஏழு ஆண்டுகள் கழித்து எல்லாம் ரத்தாகிவிட்டது.

"என்ன ஹஜ்ரத் இது? ரெண்டு கோர்ட்டு தூக்குன்னு சொன்னதை மேல விட்டுட்டாங்களே, இனிமே எந்தத் தகப்பன் கேஸ் குடுக்க வருவான்?" என்றார் ஒரு பெரியவர். பக்கத்தில் நின்ற சிப்காட் தொழிலாளி ஒருவர் வேறு மாதிரி கேட்டார். "அது சரிங்க ஹஜ்ரத், ஆனா போக்சோவுல பிள்ளை ஒண்ணு சொல்லிட்டா போதும், உள்ள தள்ளிடுறாங்களாமே? சாட்சி வேணாமா? நாளைக்கு நம்ம பேரை யாராவது சொல்லிக் குடுத்துட்டா என்ன பண்றது?"

இரண்டு கேள்வியும் நியாயமானவை. ஒருவர் பிள்ளைக்காகப் பயப்படுகிறார், மற்றவர் நிரபராதிக்காகப் பயப்படுகிறார். நம் மார்க்கம் இரண்டு பயத்தையும் மதிக்கச் சொல்கிறது. மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் பிள்ளையின் சாட்சியத்தை உண்மையில் எப்படி எடைபோடுகின்றன என்று கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான் கிடைக்கிறது. அந்தப் பதிலில் நம் மஹல்லாக்களுக்கும் பங்கு இருக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

சட்டம் எத்தனை சாட்சி கேட்கிறது?

ஒரு விஷயத்தை நிரூபிக்க இத்தனை பேர் சாட்சி சொல்ல வேண்டும் என்று இந்தியச் சட்டத்தில் கணக்கு எதுவும் இல்லை. பழைய சாட்சியச் சட்டத்தின் 134ஆம் பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 139ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. 1957ல் சென்னை மாகாணத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன வடிவேலுத் தேவர் கொலை வழக்கில் ஒரே ஒரு சாட்சியை நம்பித் தண்டனை உறுதியானது. சாட்சிகள் மூன்று வகை என்று அந்தத் தீர்ப்பு பிரித்தது: முழுதும் நம்பத்தக்கவர், முழுதும் நம்பத்தகாதவர், இரண்டுக்கும் இடைப்பட்டவர். முதல் வகையானால் ஒருவர் போதும். இரண்டாம் வகையானால் எத்தனை பேர் வந்தாலும் பயனில்லை. மூன்றாம் வகையில்தான் துணைச் சான்று தேவைப்படுகிறது. சாட்சிகளை எண்ணாதே, எடைபோடு என்பதே அதன் சாரம்.

சிறுபிள்ளை சாட்சி சொல்லலாமா என்ற கேள்வியும் பழையதுதான். கேட்ட கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவோடு பதில் சொல்லக்கூடிய எவரும் சாட்சியே. அதற்குக் குறைந்தபட்ச வயது கிடையாது. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை, உண்மை பேச வேண்டும் என்பதை அறிந்திருந்து, சத்தியப்பிரமாணத்தின் பொருளை மட்டும் அறியாதிருந்தால், பிரமாணம் இல்லாமலே சாட்சி சொல்லலாம் என்று 1969ஆம் ஆண்டின் பிரமாணச் சட்டம் அனுமதிக்கிறது.

குடியரசு பிறந்த புதிதில், 1951 டிசம்பரில், ராமேஷ்வர் என்பவருக்கும் ராஜஸ்தான் அரசுக்கும் இடையிலான வழக்கில் எட்டு வயதுச் சிறுமியின் சாட்சியம் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. முதல் மேல்முறையீட்டில் செஷன்ஸ் நீதிபதி விசித்திரமான ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பிள்ளை சொல்வது உண்மை என்று மனசாட்சி ஏற்கிறது, ஆனால் துணைச் சான்று இல்லாததால் சட்டம் ஏற்காது என்று சொல்லி விடுதலை செய்துவிட்டார். உயர் நீதிமன்றம் அதை மாற்றித் தண்டித்தது. நீதிபதி விவியன் போஸ் எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, துணைச் சான்று தேடுவது எச்சரிக்கைக்காக உள்ள வழக்கமே தவிர, அது இல்லாவிட்டால் தண்டிக்கவே கூடாது என்ற சட்டம் அல்ல என்று தெளிவாக்கியது. நீதிபதி அந்த எச்சரிக்கையை மனதில் வைத்திருந்தார் என்பது தீர்ப்பில் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அதே தீர்ப்பில் நாம் நெஞ்சில் வைக்க வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. நடந்ததைப் பிள்ளை சில மணி நேரத்துக்குள் தன் தாயிடம் சொல்லியிருந்தது. தாய் அதை நீதிமன்றத்தில் சொன்னார். உடனடியாகச் சொல்லப்பட்ட அந்தச் சொல்லையே துணைச் சான்றாக நீதிமன்றம் ஏற்றது. துணைச் சான்று என்றால் கண்ணால் பார்த்த இன்னொரு ஆள் வர வேண்டும் என்று நினைக்கிறோம். மடியில் படுத்து அழுத பிள்ளை முதலில் சொன்ன நான்கு வார்த்தையும், அதைக் கேட்ட தாயின் காதும்கூடத் துணைச் சான்றுதான்.

நான்கு சாட்சி என்னும் குழப்பம்

நம் மக்களிடையே சிலர், "நாலு சாட்சி இல்லாமல் இதைப் பேசுவதே பாவம்" என்று சொல்லிப் பெற்றோரின் வாயை அடைப்பதைக் கேட்டிருக்கிறோம். இதைவிடப் பெரிய அறியாமை இல்லை. நூர் அத்தியாயத்தில் நான்கு சாட்சிகளைப் பற்றிய கட்டளை, கற்புள்ள பெண்கள் மீது பழி சுமத்துவோரைத் தடுப்பதற்காக வந்தது. பாதிக்கப்பட்டவர் நீதி கேட்டு வரும்போது கதவைச் சாத்துவதற்காக அது வரவில்லை. பாகிஸ்தானில் 1979ல் இயற்றிய சட்டம் இரண்டையும் குழப்பியது. முறையிட்ட பெண்களே சிறைக்குப் போன கொடுமைகள் அதனால் நிகழ்ந்தன. 2006ல்தான் வன்புணர்வுக் குற்றத்தை மீண்டும் பொதுவான தண்டனைச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள்.

சூழ்நிலைச் சான்றுக்கு நம் மரபில் இடமுண்டு என்பதற்கு யூசுஃப் நபியின் சட்டையே போதும். சட்டை முன்புறம் கிழிந்திருக்கிறதா, பின்புறமா என்று பார்த்துத்தான் யார் சொல்வது உண்மை என்று முடிவாயிற்று. இன்றைய மொழியில் சொன்னால் அது தடயச் சான்று.

பிள்ளையின் நினைவைப் பற்றியும் நம் முன்னோர் யோசித்திருக்கிறார்கள். இமாம் புகாரி தம் தொகுப்பில், பிள்ளை கேட்டதை எந்த வயதிலிருந்து ஏற்கலாம் என்று ஒரு பாடமே வைத்திருக்கிறார். ஐந்து வயதில் நபி (ஸல்) அவர்கள் தம் முகத்தில் வாயிலிருந்து தண்ணீர் உமிழ்ந்து விளையாடியதை நினைவில் வைத்துச் சொன்ன மஹ்மூத் இப்னு ரபீஃ (ரலி) அவர்களின் செய்தியை அங்கே பதிகிறார். பிள்ளைகளுக்குள் ஏற்படும் காயங்கள் பற்றிய வழக்கில் பிள்ளைகளின் சாட்சியத்தை இமாம் மாலிக் ஏற்றார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். பிள்ளைகள் கலைந்து போகும் முன்பே, யாரும் சொல்லிக்கொடுக்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும். மற்ற இமாம்கள் பலர் பிள்ளையின் சாட்சியத்தை ஏற்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். இரு தரப்பின் கவலையும் ஒன்றே: பிள்ளை பொய் சொல்லும் என்பதைவிட, பெரியவர்கள் பிள்ளையின் சொல்லைக் கெடுத்துவிடுவார்கள் என்பது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கழித்து நம் உச்ச நீதிமன்றம் கவலைப்படுவதும் இதைப் பற்றித்தான்.

மேல்முறையீட்டில் இருப்பது காகிதம் மட்டுமே

கிருஷ்ணகிரியில் நடக்கும் விசாரணையில் நீதிபதி பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறார். எங்கே தயங்கியது, எந்தக் கேள்விக்குத் தாயின் கையைப் பிடித்தது என்பதெல்லாம் அவர் கண்முன் நடக்கிறது. மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது பிள்ளை போவதில்லை, காகிதக் கட்டுதான் போகிறது. முதல் தகவல் அறிக்கை, மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த வாக்குமூலம், மருத்துவச் சான்று, முதல் விசாரணை, குறுக்கு விசாரணை எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறார்கள். பிள்ளை அழுதது காகிதத்தில் இல்லை என்றால், மேலே இருப்பவர்களைப் பொறுத்தவரை பிள்ளை அழவே இல்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. தண்டிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்தால் மேல் நீதிமன்றம் சான்றுகளை முழுதும் மறுபடி எடைபோடும். விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்தாலும் எடைபோடும் அதிகாரம் உண்டு, ஆனால் கை தயங்கும். குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி என்பது முதல் அனுமானம், ஒரு நீதிமன்றம் அவரை விடுவித்தது அதை மேலும் உறுதியாக்குகிறது என்று கர்நாடகத்திலிருந்து வந்த சந்திரப்பா வழக்கில் 2007ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆகவே கீழே ஒருமுறை தவறாகப் போனால் மேலே திருத்துவது கடினம்.

போக்சோ சட்டத்தின் 29ஆம் பிரிவு, கடுமையான குற்றங்களில் எதிரிதான் செய்தார் என்று அனுமானிக்கச் சொல்கிறது. நம் சிப்காட் சகோதரரின் பயம் இதில்தான். ஆனால் அந்த அனுமானம் தானாக வந்துவிடாது. பிள்ளையின் வயது, சம்பவம், எதிரிக்கு அதில் உள்ள தொடர்பு ஆகிய அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிலைநாட்ட வேண்டும். அதன் பிறகே சுமை மறுபக்கம் போகும் என்று உயர் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஒரு பெயரைச் சொன்னவுடன் தண்டனை என்பது சரியான செய்தி அல்ல.

கண்ணீரை வாசித்த தீர்ப்பு

2025 மார்ச் 18ல் வந்த சத்ரா வழக்குத் தீர்ப்பு நாம் எல்லோரும் அறிய வேண்டியது. 1986 மார்ச்சில் ராஜஸ்தானில் ஒரு சிறுமி சீரழிக்கப்பட்டாள். அவள் நினைவின்றி ரத்தம் வடியக் கிடந்ததை ஒருவர் பார்த்தார். மருத்துவச் சான்றும் அதற்குப் பொருந்தியது. 1987 நவம்பரில் விசாரணை நீதிமன்றம் ஏழு ஆண்டு சிறை விதித்தது. சாட்சிக் கூண்டில் அந்தப் பிள்ளை சம்பவத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கேள்வி கேட்கக் கேட்க, சத்தமில்லாமல் கண்ணீர் விட்டது. 2013ல் உயர் நீதிமன்றம் இதைக் காரணமாகக் காட்டி எதிரியை விடுவித்தது. அந்தத் தீர்ப்பு மொத்தம் ஆறு பக்கம்.

உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பேசாத பிள்ளையின் மௌனத்தைப் பேச மறுத்த பெரியவரின் மௌனத்தோடு சமமாக வைக்க முடியாது, அதிர்ச்சியில் உறைந்த பிள்ளை மீது முழு வழக்கின் பாரத்தையும் ஏற்றக் கூடாது என்றது. அதே சமயம் கண்ணீரை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்கவில்லை. மௌனம் எதிரிக்குச் சாதகமும் அல்ல, பாதகமும் அல்ல என்று ஒதுக்கிவிட்டு, பார்த்தவரின் சாட்சியமும் மருத்துவச் சான்றும் குற்றத்தை நிரூபிக்கின்றனவா என்று பார்த்தது. நிரூபித்தன. ஏழு ஆண்டு சிறை மீண்டும் உறுதியானது. ஆனால் நீதி வர 39 ஆண்டுகள் ஆயின.

அதற்குச் சில வாரங்கள் முன்னர், 2025 பிப்ரவரியில், மத்தியப் பிரதேசத்தின் பல்வீர் சிங் வழக்கில் ஏழு வயது மகளின் சாட்சியத்தை நம்பி, தாயைக் கொன்ற தந்தையின் தண்டனையை உச்ச நீதிமன்றம் மீட்டது. பிள்ளைச் சாட்சியை எப்படி அணுக வேண்டும் என்று அங்கே வழிகாட்டினார்கள். பிள்ளைக்குப் புரிகிறதா என்பதை முதலில் சில எளிய கேள்விகளால் சோதிக்க வேண்டும். அந்தக் கேள்வியும் பதிலும் பதிவில் இருக்க வேண்டும். சொல்லிக்கொடுத்துப் பேசுகிறது என்று எதிர்த் தரப்பு வாதிட்டால், அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொல்லிக்கொடுத்த பகுதியைப் பிரித்து ஒதுக்க முடிந்தால், மீதியை ஏற்கலாம்.

நம் மாநிலத்தில் இதற்குப் பெரிய உதாரணம் பிரேமானந்தா வழக்கு. விராலிமலை அருகே ஆசிரமம் நடத்திய அந்தச் சாமியாரை எதிர்த்துச் சாட்சி சொன்ன பெண்பிள்ளைகளில் பலர் 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த ஆதரவற்றவர்கள். சோறு போட்டவரையே எதிர்த்துப் பேச வேண்டிய நிலை. உடனே ஏன் சொல்லவில்லை என்பதே எதிர்த் தரப்பின் ஆயுதம். 13 பெண்பிள்ளைகள் தொடர்பான அந்த வழக்கில் 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை செஷன்ஸ் நீதிபதி ஆர். பானுமதி இரட்டை ஆயுள் விதித்தார். ஒரு பெண்ணின் கருவிலிருந்து எடுத்த மாதிரியை ஐதராபாத் ஆய்வகத்தில் டி.என்.ஏ. சோதனை செய்ததும், அதை மறுக்க வெளிநாட்டு நிபுணரை எதிர்த் தரப்பு வரவழைத்ததும் அன்று பரபரப்பான செய்தி. உயர் நீதிமன்றம் 2002லும் உச்ச நீதிமன்றம் 2005லும் தண்டனையை உறுதி செய்தன. சாமியாரின் காவியும் செல்வாக்கும் ஒரு தட்டில், கதியற்ற பிள்ளைகளின் சொல் மறு தட்டில். சொல்தான் கனத்தது, ஏனென்றால் அதைத் தாங்க அறிவியல் சான்றும் இருந்தது. காவிக்கு மட்டுமல்ல, ஜுப்பாவுக்கும் அங்கிக்கும் இந்தத் தராசு ஒன்றே என்பதை நம் மதரஸாக்களை நடத்துவோர் மறக்கக் கூடாது.

விடுதலை சொல்லும் பாடம்

இனி மறுபக்கம். தமிழகப் பள்ளி ஒன்றில் 8ஆம் வகுப்பு மாணவியை மலர் வாங்கச் சொல்லி ஓர் ஆசிரியர் வற்புறுத்தினார் என்ற வழக்கில் கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தண்டித்தன. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. ஆசிரியர் ஒருவர் இப்படிச் செய்தால் அது கொடிய குற்றம் என்பதை நீதிபதிகள் மறுக்கவில்லை. ஆனால் மாணவி ஒவ்வோர் இடத்திலும் சொன்னது ஒன்றோடொன்று பொருந்தவில்லை, கூட இருந்ததாகச் சொல்லப்பட்ட மாணவர்களின் சாட்சியமும் பொருந்தவில்லை. ஒரே சாட்சியை நம்பித் தண்டிக்க வேண்டுமானால் அந்தச் சாட்சியம் கலப்படமில்லாத தங்கம்போல் இருக்க வேண்டும் என்றார்கள்.

2019ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், கணவன் மீதுள்ள கோபத்தில் மகளையே வைத்து அவர்மீது தாய் போக்சோ புகார் கொடுத்திருந்தார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மகளே சொன்னாள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வழக்கை ரத்து செய்தார். பொய்ப் புகார் கொடுப்பவருக்கு 22ஆம் பிரிவில் தண்டனை உண்டு. ஆனால் பிள்ளையைத் தண்டிக்க அந்தப் பிரிவு இடம்கொடுக்காது. பொய்யை உருவாக்குவது பிள்ளை அல்ல என்பதைச் சட்டம் அறிந்திருக்கிறது.

போரூர் வழக்கில் பிள்ளை உயிரோடு இல்லை, ஆகவே எல்லாமே சூழ்நிலைச் சான்று. கண்காணிப்புக் கேமரா பதிவை முறைப்படி நிரூபிக்கவில்லை. கடைசியாகப் பார்த்ததாகச் சொன்ன சாட்சியின் சொல் நிற்கவில்லை. தடயப் பொருட்கள் கைமாறிய விதத்தில் ஐயம் எழுந்தது. எதிரிக்கு வழக்கறிஞர் உதவி உரிய நேரத்தில் கிடைக்கவில்லை, அவசர அவசரமாக விசாரணை முடிந்தது. உச்ச நீதிமன்றம் காட்டிய காரணங்கள் இவை. அந்தப் பெரியவரின் கோபம் நமக்கும் உண்டு. ஆனால் கோபம் போக வேண்டிய இடம் விடுவித்த நீதிமன்றம் அல்ல, புலன்விசாரணையைச் சரியாகச் செய்யாதவர்கள். உண்மைக் குற்றவாளி தப்புவதும் நிரபராதி தூக்குமேடை ஏறுவதும் ஒரே அலட்சியத்தின் இரண்டு விளைவுகள்.

சொல் கெடும் இடங்கள்

நம் வட்டாரத்துக்கு வருவோம். 2024 ஆகஸ்டில் பக்கத்து பர்கூர் பகுதியில், தேசிய மாணவர் படையின் அங்கீகாரமே இல்லாத போலி முகாமில் தங்கியிருந்த 8ஆம் வகுப்பு மாணவிக்கு நேர்ந்ததாகச் சொல்லப்பட்ட கொடுமை நாடு முழுவதும் பேசப்பட்டது. பள்ளியிலேயே சொல்லியும், வெளியே சொல்லாதே என்று அடக்கினார்கள் என்பது பள்ளி நிர்வாகத்தினர் மீதான குற்றச்சாட்டு. கைதுகள் நடந்தது அந்த மாதத்தின் மூன்றாம் வாரத்தில். முதன்மை எதிரி 23ஆம் தேதி இறந்துபோனார். 2025 பிப்ரவரியில் அதே பர்கூர் பகுதியில் மூன்று அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கைதானார்கள். பள்ளிக்கு வராத மாணவியைத் தேடி வீட்டுக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இவற்றில் யார் குற்றவாளி என்று நாம் சொல்ல வரவில்லை, அது நீதிமன்றத்தின் வேலை. பிள்ளை சொன்ன நாளுக்கும் காவல்துறை கேட்ட நாளுக்கும் நடுவே போகும் நாட்களைத்தான் கவனிக்கச் சொல்கிறோம். எதிர்த் தரப்பு வழக்கறிஞரின் முதல் கேள்வி எப்போதும் அந்த நாட்களைப் பற்றியதுதான்.

இரண்டாவது, மொழி. நம் எல்லைப் பகுதியில் வீட்டில் தமிழ் பேசுவோர், தெலுங்கு பேசுவோர், கன்னடம் பேசுவோர், தக்னி உருது பேசுவோர் என எல்லோரும் கலந்து வாழ்கிறோம். ஓசூர், போச்சம்பள்ளி ஆலைகளுக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களும் உண்டு. உருது பேசும் பிள்ளை "சதாயா" என்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்டவர் "தொந்தரவு செய்தார்" என்று எழுதுகிறார். அடுத்த காகிதத்தில் அது "பாலியல் சீண்டல்" ஆகிறது. குறுக்கு விசாரணையில் பிள்ளை மறுபடி "சதாயா" என்றே சொல்கிறது. இப்போது மூன்று காகிதத்தில் மூன்று கதை! "அஸர் பாங்கு சொன்னப்ப" என்று பிள்ளை சொன்னதை ஒருவர் 4 மணி என்றும் இன்னொருவர் 5 மணி என்றும் எழுதிவிடுகிறார். மேல் நீதிமன்றத்தில் அது முரண்பாடாகிறது. பிள்ளை மாற்றிப் பேசவில்லை, எழுதியவர்கள் மாற்றிவிட்டார்கள். போக்சோ 26ஆம் பிரிவு, பிள்ளை பேசியபடியே எழுத வேண்டும் என்கிறது. தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளரை வைக்க 38ஆம் பிரிவு வழிசெய்கிறது. இவை இருப்பது பெற்றோருக்குத் தெரிந்தால்தான் கேட்க முடியும்.

மூன்றாவது, கேட்டுக் கேட்டுக் கெடுப்பது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1983ல் தொடங்கிய மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கில், விசாரித்தவர்கள் பிள்ளைகளிடம் பதிலை உள்ளே வைத்தே கேள்வி கேட்டார்கள். இல்லை என்று சொன்ன பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நடக்கவே முடியாத கதைகள்கூட வந்தன. 1990ல் ஒருவருக்கும் தண்டனை இல்லாமல் வழக்கு முடிந்தது. எது உண்மை என்பதை யாராலும் பிரித்தெடுக்க முடியாமல் போனது.

இதை எழுதும்போது நம் கை நடுங்குகிறது, ஏனென்றால் இதே தவறை நாமும் செய்திருக்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மஹல்லாவில் நாம் பணியாற்றியபோது, தந்தை ஒருவர் இரவில் வந்து கதவைத் தட்டினார். பத்து வயது மகள் ஏதோ சொல்கிறாள் என்றார். நாம் சொன்னது, "பொறுங்கள் பாய், குடும்ப மானம் இருக்கிறது, விசாரித்துப் பார்ப்போம்." மறுநாள் ஐந்து பெரியவர்கள் நடுவில் அந்தப் பிள்ளையை நிற்கவைத்து மூன்று முறை கேட்டோம். ஒருவர், "இப்படியா, அப்படியா?" என்று கேட்டார். பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. எதிர்த் தரப்பையும் அழைத்துப் பேசினோம். ஒன்பது நாள் போயிற்று. பிறகு தந்தை தாமாகவே காவல் நிலையம் போனார். நீதிமன்றத்தில் அந்த ஒன்பது நாளும், நம் முன்னால் பிள்ளை வேறு மாதிரி சொன்னதும் கேள்வியாக வந்தன. சந்தேகத்தின் பலனை அளித்து எதிரியை விடுவித்தார்கள். அவர் குற்றவாளியா, நிரபராதியா என்று இன்றுவரை நமக்குத் தெரியாது. குற்றவாளி என்றால் நாம் அவரைத் தப்பவைத்தோம். நிரபராதி என்றால் அவர்மேல் ஒட்டிய கறையைத் துடைக்கும் வழியையும் நாமே அடைத்தோம்.

நாம் செய்ய வேண்டியது

பிள்ளை சொன்னால் முதலில் கேட்டவர் அமைதியாகக் கேட்கட்டும். "என்ன நடந்தது?" என்ற ஒரு கேள்வி போதும். பதிலை நாம் எடுத்துக்கொடுக்கக் கூடாது. பிள்ளை சொன்ன வார்த்தைகளை, அது சொன்ன மொழியிலேயே, தேதியும் நேரமும் போட்டு அன்றே எழுதி வைக்கட்டும். ஜமாஅத் கூட்டம் போட்டுப் பிள்ளையை விசாரிப்பது அறவே கூடாது.

அன்றே 1098 எண்ணுக்கோ, அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கோ தகவல் போக வேண்டும். இது விருப்பம் அல்ல, கடமை. அறிந்தும் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரையும், நிறுவனத் தலைவராக இருந்து தம் கீழ் பணியாற்றுபவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரையும் சிறை உண்டு. பள்ளித் தாளாளருக்கும் மதரஸா நிர்வாகிக்கும் இது பொருந்தும். முதல் தகவல் அறிக்கை பதியும் முன்பே மருத்துவப் பரிசோதனைக்குப் போகலாம். பெண்பிள்ளையைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வைத்துக் கொடுக்க வேண்டும். காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். வழக்கு முடியும்வரை பிள்ளைக்குத் துணை நிற்க ஓர் ஆதரவு நபரைக் கேட்டுப் பெறலாம்.

சமரசம் பேசவே வேண்டாம். ஆசிரியர் மீதான ஒரு வழக்கைப் பெற்றோரோடு ஒத்துப்போனதாகச் சொல்லி ரத்து செய்ததை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. பிள்ளையின் காயம் பெற்றோர் விற்கக்கூடிய சொத்தல்ல.

பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். எதிரியின் பெயரையும் தீர்ப்புக்கு முன் நாம் தீர்ப்பாகப் பரப்ப வேண்டாம். செய்தி வந்தால் தெளிவாக விசாரித்துக்கொள்ளுங்கள் என்ற ஹுஜுராத் அத்தியாயத்தின் கட்டளை நம் கைப்பேசிக்கும் பொருந்தும்.

டீக்கடைப் பெரியவருக்கும் சிப்காட் சகோதரருக்கும் நாம் சொல்லும் பதில் இதுதான். பிள்ளையின் சொல் ஒன்றே போதும், அதைப் பெரியவர்கள் கெடுக்காமல் இருந்தால். கெடாமல் பாதுகாக்கப்பட்ட சொல் குற்றவாளியைத் தப்பவிடாது. நிரபராதியின் பெயரை இழுத்த பொய்யும் அதே பாதுகாப்பில்தான் வெளிச்சத்துக்கு வரும். உச்ச நீதிமன்றத்தின் தராசில் ஏறுவது முதல் இரவில் நம் வீட்டில், நம் மஹல்லாவில் நாம் செய்தவையும் செய்யத் தவறியவையும்தான்.

உங்களுக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்று கட்டளையிட்ட ரப்பு, நம் பிள்ளைகளின் சொல்லைக் கேட்கும் செவியையும், கேட்டதைக் கெடுக்காத நாவையும் நமக்குத் தருவானாக. நாம் தவறியவற்றை மன்னிப்பானாக. ஆமீன்.